மூணாவது தடவைன்னா தானா ஆயுள் தண்டனையா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. வழக்கமா நான் இங்க பூஜை நேரம், அன்னதான உபயம், சிரமதானம், திருவிழா வரவு செலவு இதைத்தான் போடுவேன். இன்னைக்கு சிறைத் தண்டனையைப் பத்தி எழுதறேன். காரணம், போன வாரம் நம்ம கோயில் வாட்சப் குழுவுல ஓடுன பேச்சு.

சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு சின்னக் கோயில்ல உண்டியலை உடைச்சிருக்காங்க. பிடிபட்டவன் ஏற்கெனவே ரெண்டு தடவை உள்ள போயிட்டு வந்தவன். செய்தி வந்த உடனே ஒருத்தர் எழுதினார்: "மூணு தடவை மாட்டுனா ஆயுள் தண்டனைன்னு சட்டம் போடணும். ஜட்ஜு யோசிக்கவே கூடாது. தானா விழணும்." அதுக்குக் கீழ வரிசையா கும்பிடு, கைதட்டல். நமக்கு ரொம்ப வேண்டிய பெரியவங்களும் ஆமோதிச்சிருந்தாங்க.

அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல வரல. நம்ம ஆளுங்க சிறுகச் சிறுகப் போட்ட காசு அது. பால் வெட்டி, செம்பனை பொறுக்கி, ஃபேக்டரியில ராத்திரி ஷிஃப்டு நின்னு சம்பாதிச்சதுல ஒரு வெள்ளி ரெண்டு வெள்ளின்னு சாமிக்குப் போட்டது. அதை உடைச்சு எடுத்தவனைப் பாத்தா வயிறு எரியத்தான் செய்யும். மோட்டார்ல வந்து தாலிக்கொடியைப் பறிச்சுட்டுப் போனதுல தார் ரோட்டுல விழுந்து தோள் எலும்பு விலகிப் போன அக்கா ஒருத்தங்க நம்ம கோயிலுக்கு வருவாங்க. இன்னைக்கும் மோட்டார் சத்தம் பின்னாடி கேட்டா சுவரோரமா ஒதுங்கி நிப்பாங்க. அவங்க முன்னாடி நின்னு "பாவம், மன்னிச்சு விட்டுடுங்க"ன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. சொல்லவும் மாட்டேன். தப்பு செஞ்சவன் தண்டனை அனுபவிக்கணும்.

ஆனா "ஜட்ஜு யோசிக்கவே கூடாது"ன்னு எழுதியிருந்தாரே, அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துது. அதைப் பத்தி மட்டும்தான் இந்தப் பதிவு.

நான் கோயில் தொண்டுக்கு வந்து பல வருஷம் ஆச்சு. தொண்டுன்னா மடப்பள்ளி, பந்தல், கூட்டிப் பெருக்குறது மட்டும் இல்ல. வீட்டுல ஒருத்தன் உள்ள போயிட்டா, அந்தக் குடும்பம் முதல்ல தேடி வர்ற இடம் கோயில்தான். தாமான்ல பக்கத்து வீட்டுல சொல்ல முடியாது, சொந்தக்காரங்க கிட்ட சொல்ல முடியாது. அர்ச்சனைத் தட்டைக் குடுத்துட்டு, ஆள் நடமாட்டம் குறையுற வரைக்கும் ஓரமா நின்னு, "தம்பி, ஒரு விஷயம்"னு மெதுவா ஆரம்பிப்பாங்க. கோர்ட்டுக்குத் துணைக்குப் போறது, ஃபாரம் எழுதிக் குடுக்கறது, சுங்கைப்பட்டாணி சிறைக்கோ பொக்கோக் செனா சிறைக்கோ காரில் ஏத்திக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வர்றது, இப்படியே ஒரு வேலையா ஆயிடுச்சு. அதுல பாத்ததை வெச்சுத்தான் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். "திரும்பத் திரும்ப செஞ்சா தானா கூடுதல் தண்டனை"ங்கறது நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. ஆயுள் அளவுக்கு இல்லாட்டியும், ஏற்கெனவே இருக்கு.

1952-ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்துல 15(1) பிரிவு இருக்கு. போதைப்பொருள் உட்கொண்டதா சிறுநீர் சோதனையில தெரிஞ்சா, அதிகபட்சம் 5,000 வெள்ளி அபராதம் இல்லன்னா 2 வருஷம் வரைக்கும் சிறை. பிறகு 2-லிருந்து 3 வருஷம் கண்காணிப்பு. இது பல குடும்பங்களுக்குத் தெரியும். தெரியாதது 39C பிரிவு. முன்னாடி ரெண்டு தடவை மறுவாழ்வு மையத்துல சேர்க்கப்பட்டிருந்தாலோ, ரெண்டு தடவை இந்தக் குற்றத்துக்குத் தண்டனை வாங்கியிருந்தாலோ, அல்லது ரெண்டுலயும் ஒவ்வொண்ணு இருந்தாலோ, அடுத்த தடவை குறைஞ்சது 5 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. கூடவே 3 ரோத்தான் வரைக்கும் அடி. அதுக்கப்புறமும் மாட்டினா 7-லிருந்து 13 வருஷம், 3-லிருந்து 6 அடி.

நல்லா கவனிங்க, இது விக்கறவனுக்கான பிரிவு இல்ல. தானே எடுத்துக்கிட்டவனுக்கானது. மறுவாழ்வு மையத்துக்கு, அதாவது சிகிச்சைக்குன்னு போனதும் இந்தக் கணக்குல சேருது. ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை அட்மிட் ஆன நோயாளிக்கு மூணாவது தடவை நோய் திரும்பினா அபராதம் போடற மாதிரி.

எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரைச் சொல்றேன். பேரு, ஊரு வேண்டாம், குடும்பங்கள் இன்னும் நம்ம பக்கத்துலதான் இருக்கு.

ஒருத்தன் இருபது வயசுலயே பழக்கத்துல விழுந்தவன். ரெண்டு தடவை மையத்துக்குப் போனான். ரெண்டாவது தடவை வந்த பிறகு நெஜமாவே மாறிட்டான். லாரி அட்டெண்டரா வேலை, கல்யாணம், ஒரு பொண்ணு. தைப்பூசத்துக்கு சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் கோயிலுக்கு ஆறு வருஷம் தொடர்ந்து பால்குடம் எடுத்தான். அப்பா திடீர்னு தவறிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அந்த வாரம் பழைய கூட்டாளி ஒருத்தன் வந்தான். ஒரே ஒரு ராத்திரி. மறுநாள் ரோட்டுல போலீஸ் தடுப்பு, சிறுநீர் சோதனை, அவ்வளவுதான்.

இன்னொருத்தன் மையத்துல இருந்து வெளிய வந்த அன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிச்சவன். அம்மாவோட பென்ஷன் பணத்தைப் பிடுங்குவான். விடணும்னு ஒரு நாள் கூட நினைச்சதா யாருக்கும் தெரியாது.

ரெண்டு பேருக்கும் ஒரே பிரிவு, ஒரே அஞ்சு வருஷம். முதல் ஆளு கோர்ட்டுல கையெடுத்துக் கும்பிட்டு ஆறு வருஷக் கதையைச் சொன்னான். நீதிபதி முழுசா கேட்டாங்க. கேட்டுட்டு, "இந்தப் பிரிவுல இதுக்குக் கீழ போக எனக்கு அதிகாரம் இல்ல"ன்னு சொன்னாங்க. அந்த மனைவிக்கு மலாய் அவ்வளவா வராது. என்ன சொன்னாங்கன்னு என்கிட்ட கேட்டாங்க. எப்படி விளக்குறதுன்னு எனக்கே புரியல. கேக்க முடியுது, ஆனா கேட்டதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாதுன்னா அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்?

அவன் உள்ள போறப்ப பொண்ணுக்கு நாலு வயசு. இதுவே அஞ்சு வருஷம் இல்லாம ஆயுள்னு வெச்சுப் பாருங்க. இன்னைக்கு நம்ம நாட்டுச் சட்டப்படி ஆயுள் தண்டனைன்னா 30 வருஷம். நன்னடத்தைக்கு மூணுல ஒரு பங்கு கழிஞ்சாலும் 20 வருஷம். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே முடிஞ்சிருக்கும்.

"சட்டம்னா கறாரா இருக்கணும், இல்லன்னா யாரும் பயப்பட மாட்டாங்க"ன்னு சொல்லுவீங்க. நம்ம நாடே அப்படித்தான் நினைச்சது. 1983-ல போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை வந்தது. 15 கிராம் ஹெரோயின், 200 கிராம் கஞ்சா, 50 கிராம் சாபு வெச்சிருந்தாலே கடத்தல்காரன்னு சட்டம் அனுமானிச்சுக்கும். குற்றம் நிரூபணமானா தூக்கு ஒண்ணுதான். நீதிபதிக்கு வேற வழியே கிடையாது. ஆள் கடத்தல், துப்பாக்கிக் குற்றங்கள் சிலதுக்கு இன்னொரு வகை இருந்தது: சாகுற வரைக்கும் சிறை. 30 வருஷக் கணக்கெல்லாம் இல்ல, பிணமாத்தான் வெளிய வரணும், இல்லன்னா மன்னிப்பு கிடைக்கணும்.

இத்தனை வருஷம் இவ்வளவு கறாரா இருந்தும் நம்ம தோட்டத்துக்குள்ள, தாமானுக்குள்ள சாபு வராம போச்சா? நீங்களே சொல்லுங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி லயத்துல கள்ளும் சம்சுவும்தான் பிரச்சினை. இன்னைக்குப் பள்ளிக்கூடப் பையனுக்கு சாபுன்னா என்னன்னு தெரியும். தூக்குக்கயிறு அத்தனை வருஷமும் அங்கேயேதான் தொங்கிக்கிட்டு இருந்தது.

2023 ஏப்ரல்ல நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்குச்சு. ஜூலை 4-ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனையை எடுக்கல, "கட்டாயம்"கிற வார்த்தையைத்தான் எடுத்தாங்க. இப்ப கடத்தல் வழக்குல நீதிபதி மரண தண்டனையும் கொடுக்கலாம், ஆயுள் சிறையோட குறைஞ்சது 12 ரோத்தானும் கொடுக்கலாம். சாகுற வரைக்கும் சிறைங்கறதையும் எடுத்துட்டு 30-லிருந்து 40 வருஷம்னு மாத்தினாங்க. பழைய கைதிகளுக்காகத் தனிச் சட்டம் ஒண்ணு செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே மரண தண்டனையிலும் சாகும்வரை சிறையிலும் இருந்தவங்க, மொத்தம் 1,000 பேருக்கும் மேல, கூட்டரசு நீதிமன்றத்துல மறுபரிசீலனை கேக்க வழி கிடைச்சது. பலருக்குத் தூக்கு 30 வருஷச் சிறையா மாறுச்சு. எல்லாருக்கும் மாறல, சிலருக்கு மரண தண்டனை அப்படியே நின்னுச்சு. அதுதான் முக்கியம். ஒவ்வொரு ஆளோட கதையையும் தனித்தனியா எடுத்துப் பாத்தாங்க.

அதனால குழுவுல சிலர் சொன்ன மாதிரி, கட்டாயம் போயிட்டா எல்லாரையும் திறந்து விட்டுடுவாங்கன்னு அர்த்தம் இல்ல. கொடூரமானவனுக்குக் கடுமையான தண்டனை கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் இருந்துக்கிட்டே இருக்கு. கொடுக்கறதுக்கு முன்னாடி பாக்கலாம், அவ்வளவுதான்.

இந்தியாவுல இதைவிட நேரடியான வழக்கு ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரன் 1860-ல எழுதுன இந்தியத் தண்டனைச் சட்டத்துல 303-ஆம் பிரிவு. ஏற்கெனவே ஆயுள் தண்டனையில இருக்கிறவன் கொலை செஞ்சா அவனுக்குத் தூக்கு மட்டும்தான், வேற தண்டனை கிடையாது. திரும்பத் தப்பு செஞ்சவனுக்குக் கட்டாயத் தண்டனைங்கறதுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. மித்து எதிர் பஞ்சாப் மாநிலம்ங்கிற வழக்குல 1983-ல இந்திய உச்சநீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதிகள் அந்தப் பிரிவு செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னாங்க. சிறைக்குள்ள ஆயுள் கைதிங்க காவலர்களைத் தாக்கக் கூடாதுங்கறதுதான் அந்தப் பிரிவோட நோக்கம், ஆனா எழுதுன வார்த்தை அந்த நோக்கத்தையும் தாண்டிப் போயிடுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. பரோல்ல வெளிய வந்த நேரத்துல ஒருத்தன் பெரிய ஆத்திரமூட்டலுக்கு ஆளாகிக் கொலை செஞ்சிருந்தாலும், சிறைக்குள்ள திட்டம் போட்டுக் காவலரைக் கொன்னிருந்தாலும், ரெண்டும் ஒண்ணாவே எண்ணப்பட்டது. அது நியாயம் இல்லன்னாங்க. இன்னைக்கு அங்க இருக்கிற புதுச் சட்டத்துலயும் இந்தக் குற்றத்துக்குத் தூக்கு இல்லன்னா வாழ்நாள் முழுக்கச் சிறைன்னு நீதிபதி முடிவு பண்ண இடம் இருக்கு. அங்க போதைப்பொருள் சட்டத்துலயும், ரெண்டாவது தடவை பெரிய அளவுல மாட்டினா கட்டாயத் தூக்குன்னு ஒரு பிரிவு இருந்தது. 2011-ல மும்பை உயர்நீதிமன்றம் அது கட்டாயமா இருக்க முடியாதுன்னு சொல்லுச்சு. 2014-ல நாடாளுமன்றமே சட்டத்தை மாத்துச்சு.

நம்ம குழுவுல கேட்டது அச்சு அசலா அமெரிக்காவுல நடந்தது. கலிஃபோர்னியாவுல 1994-ல "மூணு தடவை" சட்டம் கொண்டு வந்தாங்க. முன்னாடி ரெண்டு கடுமையான குற்றம் இருந்தா, மூணாவது எந்தப் பெருங்குற்றமா இருந்தாலும் குறைஞ்சது 25 வருஷம், அதிகபட்சம் ஆயுள். பயங்கரமான ஒரு கொலைக்குப் பிறகு மக்கள் கொதிச்சுப் போய்க் கேட்ட சட்டம். ஆனா வலையில மாட்டுனவங்க யாரு? கடையில மூணு கோல்ஃப் மட்டையைத் திருடுனவருக்கு 25 வருஷம் முதல் ஆயுள். ரெண்டு தடவையா மொத்தம் ஒன்பது வீடியோ கேசட் திருடுனவருக்கு 50 வருஷம் முதல் ஆயுள். ரெண்டு வழக்கும் 2003-ல அமெரிக்க உச்சநீதிமன்றம் வரைக்கும் போய், அஞ்சுக்கு நாலுன்னு தண்டனை அப்படியே நின்னுச்சு. கடைசியில 2012-ல, சட்டத்தை வேணும்னு கேட்ட அதே மக்கள் ஓட்டுப் போட்டு மாத்தினாங்க. மூணாவது குற்றமும் பொதுவா கடுமையானதாவோ வன்முறையாவோ இருந்தாதான் ஆயுள்னு வெச்சாங்க.

பதினெட்டு வருஷம் ஆச்சு அவங்களுக்குப் புரிய. நாம அதே வழியில போய் அதே பள்ளத்துல விழணுமா?

இதுல இருக்கிற சிக்கலை எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன்.

நீதிபதி கையைக் கட்டிப் போட்டா முடிவெடுக்கிற அதிகாரம் காணாமப் போயிடாது, இடம் மாறும். எந்தப் பிரிவுல குற்றம் சாட்டறதுன்னு முடிவு பண்றவங்க கைக்குப் போகும். ஒரே ஆளை 15(1)-லயும் கொண்டு வரலாம், 39C-லயும் கொண்டு வரலாம்னா, அந்தத் தேர்வு நடக்கிற இடத்துல நீங்களும் நானும் உக்காந்து பாக்க முடியாது. கோர்ட்டுன்னா கதவு திறந்திருக்கு, அம்மாவும் மனைவியும் பின் பெஞ்சுல உக்காந்து கேக்கலாம். லோயர் வெச்சவன் முன்கூட்டியே மனு கொடுத்துப் பேசுவான். லோயர் இல்லாதவன் கூண்டுல ஏறின உடனே தலையாட்டிட்டு வந்துடுவான். நான் பாத்த வரைக்கும் தலையாட்டிட்டு வந்தவங்க பெரும்பாலும் நம்ம ஆளுங்கதான்.

அடுத்தது, மூணாவது திருட்டுக்கும் கொலைக்கும் ஏறக்குறைய ஒரே தண்டனைன்னா என்ன ஆகும்? தாலிக்கொடி பறிக்கிறவன் யோசிப்பான்: மாட்டினாலும் ஆயுள்தானே, என் முகத்தைப் பாத்தவங்களை ஏன் விடணும்? நான் முதல்ல சொன்ன அக்காவைப் பாதுகாக்கணும்னு கேக்குற சட்டம் அவங்க உயிருக்கே ஆபத்தா முடியலாம்.

பயம்னு சொல்றோமே, அது தண்டனையோட நீளத்துல இல்ல. 1764-லயே இத்தாலிக்காரர் பெக்காரியா எழுதிட்டார்: குற்றத்தைத் தடுக்கிறது தண்டனையோட கொடுமை இல்ல, மாட்டுவோம்கிற நிச்சயம்தான். உண்டியலை உடைக்கிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டு வர்றதில்ல. வெளக்கு எரியுதா, கேமரா இருக்கா, காவலுக்கு ஆள் இருக்கானு பாக்குறான். போதையில தவிக்கிறவனுக்கு நாளைக்குங்கறதே கிடையாது, அடுத்த ஒரு மணி நேரம்தான்.

வயசும் ஒரு கணக்கு. இருபது வயசுல எகிறிக் குதிச்சவன் அம்பதுல அதே வேகத்துல இருக்க மாட்டான். எந்த நாட்டுப் புள்ளிவிவரத்தை எடுத்தாலும் வயசு ஏற ஏறக் குற்றம் குறையுது. மூணாவது தடவைக்கு ஆயுள்னா, ஆபத்தான வயசுல தொடங்கி, ஆபத்து போன பிறகும் பல வருஷம் அவனை வெச்சிருப்போம். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, டயாலிசிஸ் எல்லாம் நம்ம வரிப்பணத்துல. அந்தப் பணத்துல பாதியை அவன் பதினெட்டு வயசுல இருக்கிறப்ப செலவு பண்ணியிருந்தா இந்த நிலைமையே வந்திருக்காது.

இன்னொண்ணு, நம்பிக்கை. நம்ம சிறைகள்ல நன்னடத்தைக்குக் கழிவு இருக்கு. 2008-லிருந்து பரோல் முறையும் இருக்கு. உள்ள இருக்கிறவன் ஒழுங்கா இருக்க, தொழில் கத்துக்க, படிக்க இதுதான் காரணம். "என்ன செஞ்சாலும் வெளிய போக முடியாது"ன்னு ஆயிட்டா அவனைக் காவல் காக்கிற வார்டனுக்கும் அது ஆபத்துதான். அந்த வார்டன்கள்லயும் நம்ம பிள்ளைங்க இருக்காங்க.

சரி, இது கோயில் பக்கம். சாமி விஷயத்துக்கு வர்றேன். குழுவுல ஒருத்தர், "வினை விதைச்சவன் வினை அறுப்பான், நாம ஏன் குறுக்க நிக்கணும்?"னு கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனா நம்ம நம்பிக்கைப்படியே பாருங்க. எமதர்மராஜாவே உயிரைக் கொண்டு போன பிறகு சித்திரகுப்தன் ஏட்டைத் திறந்து படிக்கச் சொல்லித்தான் முடிவு பண்றார். அந்த ஏட்டுல பாவமும் இருக்கு, புண்ணியமும் இருக்கு. ரெண்டு பக்கமும் படிக்கணும். பாவத்தை மட்டும் எண்ணி "மூணு வந்துடுச்சு, தள்ளு நரகத்துல"ன்னு எமனே சொல்றதில்ல. ஆறு வருஷம் பால்குடம் எடுத்ததும் அந்த ஏட்டுல இருக்கும்தானே?

கண்ணகி கதையை நாம சின்ன வயசுல கேட்டிருக்கோம். பாண்டிய மன்னன் கெட்டவன் இல்ல. நல்ல அரசன்தான். பொற்கொல்லன் சொன்னான், சிலம்பு காணாமப் போயிருந்தது, கையில சிலம்போட ஒருத்தன் மாட்டினான். கணக்கு சரியா இருந்தது. விசாரிக்காம உத்தரவு போட்டான். அந்த ஒரு கேள்வியைக் கேக்காததுக்குத்தான் அவன் உயிரே போச்சு, மதுரையும் எரிஞ்சது. சிலம்பை உடைச்சுக் காட்டின பிறகு தப்பு யாருதுன்னு அவனே உணர்ந்தான். கேக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டு வெச்சா எத்தனை கோவலன் போவான்?

திருவண்ணாமலை அருணகிரிநாதர் சரித்திரமும் தெரியும். உடம்பையும் சொத்தையும் குடும்பத்தையும் அழிச்சுட்டு, கோபுரத்து மேல ஏறிக் குதிச்சவரை முருகன் தாங்கினார்னு சொல்றோம். அவர் பாடினதைத்தான் நாம இன்னைக்கும் கோயில்ல பாடறோம். அவர் எத்தனையாவது தடவை தப்பு செஞ்சாருன்னு முருகன் எண்ணிப் பாக்கல. எல்லாரும் அருணகிரி ஆயிடுவாங்கன்னு நான் சொல்லல. பத்துல ஒருத்தன் ஆனாலும், அவன் யாருன்னு கண்டுபிடிக்க ஒரு மனுசனுக்கு இடம் கொடுக்கணும். அதுதான் நீதிபதி.

"அப்ப பாதிக்கப்பட்டவங்களுக்கு என்ன?"ன்னு கேப்பீங்க. கேக்கணும். அந்தத் தாலிக்கொடி அக்காகிட்ட ஒரு தடவை நானே பேசினேன். "அவனுக்கு எத்தனை வருஷம் போட்டாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல தம்பி. கேஸ் என்ன ஆச்சுன்னே தெரியாது. கொடி திரும்பி வரல. ஆஸ்பத்திரி செலவு என் மகன் பாத்தான்"னாங்க. அவங்க முதல்ல கேக்குறது அவன் எத்தனை வருஷம் உள்ள இருக்கான்னு இல்ல. தனக்கு என்ன ஆச்சுன்னு யாராவது கேக்கணும், நஷ்டத்துக்கு ஏதாவது வழி பண்ணணும், மறுபடியும் நடக்காம இருக்கணும். தானா விழற தண்டனையில இவங்களும் ஒரு எண்ணாத்தான் போயிடறாங்க. நீதிபதி உக்காந்து நிதானமா பாக்குற வழக்குலதான் இவங்க கதைக்கும் காது கிடைக்கும்.

இப்ப நாம என்ன செய்யலாம்? சட்டத்தை மாத்துறது நாடாளுமன்ற வேலை. நம்ம கையில இருக்கிறது சிலது இருக்கு.

வீட்டுல யாரையாவது பிடிச்சுட்டா முதல் நாளே லோயர் வேணும். கைது பண்ணினவங்களுக்கு, விசாரணைக்கு முன்னாடி உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 28A பிரிவு உரிமை கொடுக்குது. பணம் இல்லன்னா தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, அதான் ஒய்.பி.ஜி.கே., கைது, தடுப்புக்காவல், ஜாமீன், தண்டனைக் குறைப்பு வாதம் இதுக்கெல்லாம் குடிமக்களுக்கு இலவசமா வழக்கறிஞர் ஏற்பாடு பண்ணும். "ஒத்துக்கிட்டா சீக்கிரம் விட்டுடுவாங்க"ன்னு கூட இருக்கிறவன் சொல்றதைக் கேட்டுத் தலையாட்டாதீங்க. எந்தப் பிரிவுன்னு முதல்ல கேளுங்க. 15(1)-ஆ, 39C-யான்னு கேளுங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல பிள்ளையோட பல வருஷ வாழ்க்கை இருக்கு.

பழக்கம் இருக்குன்னு தெரிஞ்சா மாட்டுற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஹெரோயின் பழக்கத்துக்கு அரசாங்க கிளினிக்குல மெத்தடோன் சிகிச்சை 2005-லிருந்து இருக்கு. சாபுவுக்கு அது வேலை செய்யாது, அதுக்கு ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும் வேணும். ஏ.ஏ.டி.கே. மையங்கள்ல தானா வந்து உதவி கேக்கிறவங்களுக்கும் வழி இருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு மந்திரிச்சுக் கயிறு கட்டறதோட நிறுத்திடாதீங்க. கயிறும் கட்டுங்க, கிளினிக்குக்கும் கூட்டிக்கிட்டுப் போங்க.

உண்டியல் விஷயத்துக்கும் சொல்றேன். வாரம் ஒரு தடவை எண்ணி பேங்குல போட்டுட்டா உடைக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காது. வாசல்ல ஒரு வெளக்கு, ஒரு கேமரா. இதுக்கு ஆகுற செலவு ரொம்பக் குறைவு. நிர்வாகத்துக்கிட்ட இதை ஏற்கெனவே எழுதிக் குடுத்திருக்கேன்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த மாசம் ஒருத்தர் ஏழு வருஷம் முடிச்சு வெளிய வர்றார். நம்ம பக்கத்து ஆளுதான். உள்ள வெல்டிங் கத்திருக்கார். அம்மா போன வருஷம் தவறிட்டாங்க, கொள்ளி வைக்க அவர் இல்ல, தங்கச்சி மகன்தான் வெச்சான். இப்ப அவருக்குன்னு இருக்கிறது அந்தத் தங்கச்சி வீட்டு முன் அறை மட்டும்தான். பட்டறை, வொர்க்‌ஷாப், இரும்பு கேட் போடற வேலை, எதுவா இருந்தாலும் எடுத்துக்கத் தயாரா இருக்கார். நம்ம குழுவுல வொர்க்‌ஷாப் வெச்சிருக்கிறவங்க நாலஞ்சு பேர் இருக்கீங்க. மூணு மாசம் சோதனைக்கு வெச்சுப் பாருங்க. ஒத்து வரலன்னா சொல்லிடுங்க, நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.

அவர் கோயிலுக்கு வந்தா பந்தியில தனியா உக்கார வைக்காதீங்க. மத்தவங்க கூட உக்காரட்டும், சாதம் போடுங்க, முடிஞ்சா பாத்திரம் கழுவவும் கூப்பிடுங்க. வேலை கொடுக்க முடிஞ்சவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்ச பிறகு மடப்பள்ளி பக்கம் வந்து என்னைப் பாருங்க, இல்ல தனியா மெசேஜ் போடுங்க.

கருத்து வேறுபாடு இருந்தா கீழ எழுதுங்க, கோபமா இருந்தாலும் பரவாயில்ல, பதில் சொல்றேன். அம்மன் எல்லாரையும் காப்பாத்தட்டும்.

ஆலயத் தொண்டர்களில் ஒருவன்,
திகாம் பத்து, கெடா.